பிங் போகுது, லாகின் ஆகல: சிறுசேரி – நவி மும்பை ஓவர்லே இணைச்ச அனுபவம்

அன்னைக்கு ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். சிறுசேரி, நவி மும்பை ரெண்டு டேட்டா சென்டரையும் இணைக்கற கட்ஓவர், அதாவது புது செட்டப்புக்கு மாத்தற வேலை, முடிஞ்சிருச்சு, ரெண்டு பக்கமும் டன்னல் அப், பிஜிபி (ரவுட்டர்கள் ஒண்ணுக்கொண்ணு பாதை சொல்லிக்கற முறை) அப், சிறுசேரி சர்வர்ல இருந்து நவி மும்பை சர்வருக்கு பிங் அடிச்சா 24 மில்லிசெகண்ட்ல அழகா ரிப்ளை வருது, பிரிட்ஜ் கால்ல எல்லாரும் சூப்பர் சூப்பர்னு சொல்லி போனை வைக்கப் போற நேரம். அப்ப சர்வர் டீம்ல இருந்த தம்பி ஒருத்தன் மெதுவா, "அண்ணா, பிங் போகுது, ஆனா எஸ்எஸ்எச் லாகின் ஆக மாட்டேங்குது, கனெக்ட் ஆகி அப்படியே நிக்குது"ன்னான். எஸ்எஸ்எச்னா தூரத்துல இருந்து சர்வருக்குள்ள லாகின் பண்ற வழி. அந்த ஒரு வரியில இருந்து ஆரம்பிச்சதுதான் இந்த ரெண்டு வருஷக் கதை. இதே வேலைய இப்ப யாராவது பண்ணிட்டு இருந்தா, நாங்க பட்ட பாட்டுல பாதியாவது உங்களுக்குக் குறையட்டும்னு எழுதுறேன்.

முதல்ல ஏன் பண்ணோம்னு சொல்லிடறேன். எங்க மெயின் டேட்டா சென்டர் சிறுசேரி பக்கம், டிஆர் சைட், அதாவது மெயின் விழுந்தா கைகொடுக்கற மாற்று சைட், நவி மும்பைல. 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறம் சென்னைல யார்கிட்டயும் டிஆர் எதுக்குன்னு விளக்க வேண்டிய அவசியம் இல்ல. ஆனா எங்க அப்ளிகேஷன்ஸ்ல பாதி பழசு, ஐபி அட்ரஸ கோடுக்குள்ளயே எழுதி வச்சிருக்காங்க, சிலதுல லைசென்ஸே ஐபியோட கட்டியிருக்கு. அதனால மேல இருந்து வந்த கேள்வி ஒண்ணே ஒண்ணுதான்: சர்வர மும்பைக்கு மாத்தினாலும் ஐபி மாறக்கூடாது, முடியுமா? 2022ல ரெண்டு சைட்லயும் புதுசா விஎக்ஸ்லேன் ஃபேப்ரிக், அதாவது சுவிட்சுகள் எல்லாம் சேர்ந்த ஒரே நெட்வொர்க், போட்டிருந்தோம், அதுல எது எங்க இருக்குன்னு சொல்ற கன்ட்ரோல் பிளேன் ஈவிபிஎன் (ரெண்டையும் கீழ சொல்றேன்). முடியும் சார்னு சொன்னோம். டெக்னிக்கலா அது சரியான பதில்தான். ஆனா எந்தெந்த சர்வருக்கு, எதுக்காகன்னு அன்னைக்கே திருப்பிக் கேட்டிருக்கணும், அதை நாங்க கேக்கல.

விஎக்ஸ்லேன் பத்தித் தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. சர்வர் அனுப்புற ஈதர்நெட் ஃப்ரேம அப்படியே முழுசா தூக்கி ஒரு யுடிபி பேக்கெட்டுக்குள்ள வச்சு, சாதாரண ஐபி நெட்வொர்க் மேல அனுப்பி, அந்தப் பக்கம் பிரிச்சுக் கொடுக்கறது. இதோட ஸ்டாண்டர்ட் ஆவணம் ஆர்எஃப்சி 7348, 2014ல வந்துச்சு, போர்ட் 4789. ஒரே நெட்வொர்க்க தனித்தனியா பிரிக்கற பழைய முறையான வீலேன்ல 4094க்கு மேல போக முடியாது, இதுல அந்தப் பிரிவுக்கான விஎன்ஐ நம்பர் 24 பிட், கிட்டத்தட்ட 1 கோடியே 67 லட்சம். பேக்கெட்ட மூட்டை கட்டி அவிழ்க்கற இடத்துக்கு விடெப்னு பேர், எங்க கேஸ்ல ஒவ்வொரு லீஃப் சுவிட்சும், அதாவது சர்வர் நேரா சொருகியிருக்கற சுவிட்சும், ஒரு விடெப். எந்த மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) எந்த விடெப் பின்னாடி இருக்குன்னு பிஜிபி மூலமா சொல்லிக்கறதுதான் ஈவிபிஎன். ஒரே பில்டிங்குக்குள்ள இது ரொம்ப சுகம், நாமே போட்ட கேபிள், நாமே வச்ச சுவிட்ச், எல்லாத்துலயும் எம்டியு, அதாவது ஒரு பேக்கெட் இருக்கக்கூடிய உச்ச சைஸ், 9216. வான் லிங்க்னு வந்தா, அதாவது ஊர் விட்டு ஊர் போற லிங்க்னு வந்தா, நடுவுல இருக்கற எந்தப் பெட்டியும் நம்மோடது கிடையாது.

சரி, லாகின் விஷயத்துக்கு வரேன். சர்வர் அனுப்புறது 1500 பைட் பேக்கெட். அதுக்கு மேல உள் ஈதர்நெட் ஹெடர் 14, விஎக்ஸ்லேன் 8, யுடிபி 8, வெளி ஐபி 20, மொத்தம் 50 கூடுது, ஆக வான் லிங்க்ல 1550 பைட் ஐபி பேக்கெட் போகணும். லிங்க் கொடுக்கற ப்ரொவைடர்கிட்ட நாங்க ஆர்டர்லயே ஜம்போ (1500க்கு மேல பெரிய பேக்கெட்) வேணும்னு எழுதியிருந்தோம், அவங்களும் சப்போர்ட்டட்னு மெயில் போட்டிருந்தாங்க, ஆனா எங்க ரேக்ல வச்ச அவங்க ஆக்சஸ் பெட்டில டிஃபால்ட் 1500 அப்படியே இருந்துச்சு. பிங் சின்னது, போயிடும். டிசிபி ஹேண்ட்ஷேக், அதாவது கனெக்ஷன் ஆரம்பிக்கற பேச்சு, சின்னது, அதுவும் போயிடும். எஸ்எஸ்எச்ல கீ எக்ஸ்சேஞ்ச்னு வரும்போதுதான் முதல் பெரிய பேக்கெட் வரும், அது சத்தமில்லாம செத்துப் போகும், லாகின் அப்படியே தொங்கும். இனிமே எங்கயாவது "பிங் போகுது ஆனா அப்ளிகேஷன் தொங்குது"ன்னு கேட்டா நான் முதல்ல கேக்கறது எம்டியு தான், பத்துல எட்டு தடவை அதுவாத்தான் இருக்கு.

இதுல ஒரு விஷயம் ரொம்ப முக்கியம், நிறைய பேர் இங்கதான் ஏமாறாங்க. சாதாரண ரூட்டட் நெட்வொர்க்ல நடுவுல சின்ன எம்டியு இருந்தா, அந்த ரவுட்டர் "பேக்கெட் பெருசு, சின்னதா அனுப்பு"ன்னு ஐசிஎம்பிங்கற தகவல் பேக்கெட்ல திருப்பிச் சொல்லும், சர்வர் சைஸ குறைச்சுக்கும். ஆனா லேயர் 2 நீட்டினா, அதாவது ரவுட்டர் இல்லாத ஒரே ஈதர்நெட்டா ரெண்டு ஊரையும் இணைச்சா, சர்வர் பாக்கறது ஒரே சப்நெட் (ஒரே ஐபி வரிசை), நடுவுல ரவுட்டரே இல்லன்னுதான் அது நினைக்கும். வெளியில ஏதாவது ரவுட்டர் ஐசிஎம்பி அனுப்பினாலும் அது வெளி ஹெடர்ல இருக்கற விடெப்புக்குத்தான் வரும், சர்வருக்கு வராது. ப்ரொவைடர் பெட்டி லேயர் 2ன்னா அதுவும் இல்ல, பெருசா இருக்குன்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டே இருக்கும். டிசிபி எம்எஸ்எஸ்ஸ (ஒரு பேக்கெட்ல போற டேட்டா அளவை) குறைச்சு வச்சு தப்பிச்சுக்கலாமேன்னு கேப்பீங்க, நாங்களும் அன்னைக்கு ராத்திரி அதைத்தான் யோசிச்சோம், 1500ல 50 போக 1450, அதுல ஐபி, டிசிபி ஹெடர் 40 போக 1410னு கணக்கு கூட போட்டுட்டோம், ஆனா அதை பண்ண நடுவுல ஒரு ரூட்டட் ஹாப் வேணும், ஒரே சப்நெட்டுக்குள்ள பிரிட்ஜ் ஆகிப் போற டிராஃபிக்ல அதுக்கு இடமே இல்ல. சரி, துண்டு போட்டு அனுப்பலாமான்னா, விடெப் துண்டு போடக்கூடாதுன்னு ஆர்எஃப்சியே சொல்லுது, நடுவுல வேற ரவுட்டர் துண்டு போட்டாலும் அந்தப் பக்க விடெப் அதைச் சொல்லாம கொள்ளாம கீழ போடலாம்னும் எழுதியிருக்கு. ஆக வழி ஒண்ணுதான், ப்ரொவைடர சரியான எம்டியு கொடுக்க வைக்கணும்.

எவ்வளவு கேக்கணும்னா, வெறும் 1550னு கேக்காதீங்க. உள்ள வீலேன் டேக் ஒண்ணு வரலாம், பின்னாடி மேக்செக் (லிங்க் மேல போடற என்க்ரிப்ஷன்) போட்டா அது 32 பைட் வரை எடுத்துக்கும். ஸ்டோரேஜ் ரெப்ளிகேஷன் (டேட்டாவ அந்தப் பக்கம் காப்பி பண்றது) 9000ல ஓடுதுன்னா 9100க்கு மேலயே கேளுங்க, அது இல்லன்னா குறைஞ்சது 1600. இன்னொண்ணு, எம்டியு எண்ணுற விதம் பெட்டிக்குப் பெட்டி மாறும், சில கம்பெனி பெட்டில அந்த நம்பர்ல ஈதர்நெட் ஹெடர் 14 பைட்டும் சேர்ந்திருக்கும், சிலதுல சேராது. அதனால மெயில்ல "எம்டியு 1600"னு எழுதாம "டிஎஃப் பிட் போட்டு இத்தனை பைட் ஐபி பேக்கெட் போகணும், நாங்க டெஸ்ட் பண்ணித்தான் கையெழுத்து போடுவோம்"னு எழுதுங்க. டிஎஃப் பிட்னா நடுவுல துண்டு போடாதேன்னு சொல்ற குறி. டெஸ்டும் சிம்பிள்தான், ரெண்டு பக்கமும் வான் லிங்க் முடியற கேட்வே பெட்டியோட லூப்பேக் ஐபிக்கு நடுவுல டிஎஃப் போட்டு பிங், டேட்டா சைஸ் 1522, அதோட ஐசிஎம்பி 8, ஐபி 20 சேர்ந்து 1550 ஆகும். சர்வருக்கு சர்வர் பண்ணா 1472. சில பெட்டில பிங் சைஸ்னா மொத்த ஐபி சைஸ், அதையும் பாத்துக்கோங்க.

அன்னைக்கு ப்ரொவைடரோட நாக் (நெட்வொர்க் கண்காணிப்பு மையம்) எஞ்சினியர எழுப்பி, காலைல நாலு மணிக்கு அவர் எம்டியு மாத்தினதும் லாகின் ஆச்சு. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சோம். ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ஞாயித்துக்கிழமை அதே சிம்ப்டம் மறுபடி. நாங்க எதுவும் தொடல, ப்ரொவைடரும் எதுவும் தொடலன்னாங்க. பாத்தா லேட்டன்சி 24ல இருந்து 31க்கு ஏறியிருந்துச்சு, அதுதான் துப்பு. மெயின் பாதைல ஃபைபர் கட் ஆகி, அவங்க நெட்வொர்க் தானா வேற பாதைக்கு மாறியிருக்கு, அந்தப் பாதைல ஒரு பெட்டில எம்டியு பழைய 1500. அதுல இருந்து நாங்க ஒரு ப்ரோப் போட்டு வச்சிருக்கோம், நிமிஷத்துக்கு ஒரு தடவை 1522 சைஸ்ல டிஎஃப் பிங், கூடவே 64 பைட் பிங் ஒண்ணு. சின்னது போய் பெருசு போகலன்னா உடனே அலாரம். இது ஒண்ணு மட்டும் இந்தப் பதிவுல இருந்து எடுத்துட்டுப் போனாலே எனக்கு சந்தோஷம். லிங்க்க ஏத்துக்கும்போது ப்ரொவைடர்கிட்ட மெயின் பாதைய வேணும்னே இறக்கச் சொல்லி, மாத்துப் பாதையான ப்ரொடெக்ட் பாதைலயும் அதே சைஸ் டெஸ்ட் பண்ணுங்க, கேட்டா பண்ணித் தருவாங்க.

இப்ப டிசைன்ல நாங்க பண்ண பெரிய தப்பு. ரெண்டு சைட்டும் ஒரே கம்பெனி சுவிட்ச், அதனால சுலபமான வழில போனோம், சிறுசேரில இருக்கற 18 லீஃபும் மும்பைல இருக்கற 12 லீஃபும் நேரா ஒண்ணோட ஒண்ணு டன்னல் போட்டுக்கற மாதிரி, ஒரே ஏஎஸ் நம்பர் (பிஜிபில ஒரு நெட்வொர்க்கோட அடையாளம்), ஒரே பெரிய ஃபேப்ரிக். இருந்த 140 விஎன்ஐயையும் நீட்டிட்டோம், எது வேணும் எது வேண்டாம்னு யார்கிட்ட போய் கேக்கறதுன்னு. டெமோ பாத்தவங்க எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க.

மூணாவது மாசம் மும்பைல ஒரு ரேக்ல வேலை நடந்துட்டு இருந்தப்ப ஒரு பழைய சின்ன சுவிட்ச ரெண்டு லீஃப்ல தப்பா சொருகிட்டாங்க, லூப், ஃப்ரேம் சுத்திச் சுத்தி வரும். லூப்ப கண்டுபிடிச்சு அடைக்கற ஸ்பேனிங் ட்ரீ விஎக்ஸ்லேனுக்குள்ள போகாது, அதனால அந்த லூப்ப யாரும் தடுக்கல. எங்க செட்டப்ல மல்ட்டிகாஸ்ட் (ஒரு காப்பி அனுப்பி நடுவுல பிரிக்கறது) கிடையாது, ப்ராட்காஸ்ட் (எல்லாருக்கும் போற ஃப்ரேம்) வந்தா லீஃபே ஒவ்வொரு விடெப்புக்கும் தனித்தனியா காப்பி எடுத்து அனுப்பும், இன்க்ரெஸ் ரெப்ளிகேஷன்னு சொல்லுவாங்க. அந்த விஎன்ஐ எல்லா லீஃப்லயும் இருந்துச்சு. இப்ப கணக்கு பாருங்க, மும்பைல சுத்துற ஒவ்வொரு ப்ராட்காஸ்ட் ஃப்ரேமுக்கும் சிறுசேரிக்கு 18 காப்பி வான் லிங்க்ல வருது, 600 எம்பிபிஎஸ் ப்ராட்காஸ்ட் இருந்தாலே 10.8 ஜிபிபிஎஸ் ஆயிடுது, எங்க லிங்க்கோ 10 ஜி. லிங்க் ரொம்பி பிஜிபி ஆட ஆரம்பிச்சுது, அதை விட மோசம், சிறுசேரி ப்ரொடக்ஷன் சர்வரோட மேக் அட்ரஸே மும்பைல இருந்து வர மாதிரி தெரிய, மேக் ஒரு செகண்ட் இங்க, ஒரு செகண்ட் அங்கன்னு குதிச்சுட்டே இருந்துச்சு. டிஆர் சைட்ல ஒரு பேட்ச் கேபிள், மெயின் சைட் நாப்பது நிமிஷம் டவுன். எந்த சைட் விழுந்தா காப்பாத்தணும்னு இன்னொரு சைட் கட்டினோமோ, அந்த ரெண்டும் சேர்ந்தே விழுந்துச்சு. அந்த நாப்பது நிமிஷம் பிரிட்ஜ் கால்ல இருந்தவங்க யாருக்கும் அது மறக்காது.

கேபிள புடுங்கின அப்புறமும் சில சர்வர் வரல. அதுக்குக் காரணம் தேட இன்னும் ஒரு மணி நேரம் ஆச்சு. ஈவிபிஎன்ல ஒரு மேக் 180 செகண்டுக்குள்ள 5 தடவை இடம் மாறினா அது டூப்ளிகேட்னு முடிவு பண்ணி அதை அப்படியே ஃப்ரீஸ் பண்ணிடும், ஆர்எஃப்சி 7432ல சொல்லியிருக்கற டிஃபால்ட் அது. லூப் போனாலும் ஃப்ரீஸ் ஆனது தானா விடல, ஒவ்வொண்ணா கிளியர் பண்ண வேண்டியிருந்துச்சு. உங்க சுவிட்ச்ல அந்த லிஸ்ட் பாக்கற கமாண்ட், கிளியர் பண்ற கமாண்ட் ரெண்டையும் முன்னாடியே எழுதி வச்சுக்கோங்க, நெருக்கடில தேடிட்டு இருக்க முடியாது. ஸ்டார்ம் கன்ட்ரோல், அதாவது ப்ராட்காஸ்டுக்கு உச்சவரம்பு, எல்லா ஆக்சஸ் போர்ட்லயும் போடுங்க. ரொம்ப சாதாரண விஷயம், எங்ககிட்ட டெம்ப்ளேட்ல இருந்தும் மும்பைல ஒரு ரேக்ல விட்டுப் போச்சு.

அதுக்கு அப்புறம் மொத்தத்தையும் மாத்தினோம். ரெண்டு சைட்டும் தனித்தனி ஃபேப்ரிக், தனித்தனி ஏஎஸ், ஒவ்வொரு சைட்லயும் ரெண்டு பார்டர் கேட்வே. லீஃப்ல இருந்து வர டன்னல் கேட்வேல முடிஞ்சிடும், அங்க இருந்து அந்தப் பக்க கேட்வேக்கு புது டன்னல் ஆரம்பிக்கும். சிறுசேரி லீஃபுக்கு மும்பைல எத்தனை லீஃப் இருக்குன்னே தெரியாது, எல்லாமே நம்ம கேட்வே பின்னாடி இருக்குன்னுதான் அதுக்குத் தெரியும். இந்த மாதிரி இணைக்கறதுக்குன்னே 2021 மே மாசம் ஆர்எஃப்சி 9014 வந்துச்சு, இதுல இறங்குறவங்க கண்டிப்பா படிங்க, அப்புறம் உங்க வெண்டர் அதை என்ன பேர்ல, எப்படிப் பண்றாங்கன்னு பாருங்க, ஒவ்வொருத்தரும் கொஞ்சம் வேற மாதிரி. ப்ராட்காஸ்ட் கணக்கும் மாறிடுச்சு, மும்பைல இருந்து 18 காப்பி வந்த இடத்துல இப்ப கேட்வேக்கு ஒண்ணு வீதம் ரெண்டே காப்பி, அதுல ஒரு கேட்வே மட்டும்தான் உள்ள விடும். கேட்வேலயே ப்ராட்காஸ்டுக்கு ஒரு உச்சவரம்பும் வச்சிருக்கோம், அந்தப் பக்கம் என்ன ஆனாலும் அதுக்கு மேல உள்ள வராது.

இந்த மாத்தத்துல ஒரு ராத்திரி முழுக்க எங்கள உக்கார வச்சது ரூட் டார்கெட், அதாவது எந்த ரூட்ட யார் எடுத்துக்கணும்னு சொல்ற குறி. பிஜிபி எஸ்டாப்ளிஷ்ட், அந்தப் பக்கம் இருந்து ரூட் வருதுன்னு எண்ணிக்கை காட்டுது, ஆனா மேக் டேபிள்ல ஒண்ணுமே ஏறல. காரணம், ரூட் டார்கெட்ட ஆட்டோன்னு விட்டிருந்தோம், அது ஏஎஸ் நம்பரும் விஎன்ஐயும் சேர்ந்து உருவாகும், சிறுசேரி 65001ல ஆரம்பிக்கும், மும்பை 65002ல ஆரம்பிக்கும், இவங்க ஏற்றுமதி பண்றதை அவங்க இறக்குமதியே பண்ண மாட்டாங்க. ஒரே ஏஎஸ்ல இருந்த வரைக்கும் தெரியாத விஷயம். சில பெட்டில ஏஎஸ் பகுதிய மாத்தி எழுதற ஆப்ஷன் இருக்கு, நாங்க அதை நம்பாம, நீட்டுற விஎன்ஐக்கு மட்டும் கையால ஒரே ரூட் டார்கெட் எழுதிட்டோம். இதுல ஒரு நல்லதும் நடந்துச்சு, யாராவது தெரியாம புது விஎன்ஐ போட்டா அது தானா அந்தப் பக்கம் போகாது, வேணும்னு ஒருத்தர் எழுதினாத்தான் போகும். நடுவுல ரூட் சர்வர் மாதிரி, ரூட்ட வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கற ஒரு ரவுட்டர் வச்சிருந்தா இன்னும் ரெண்டு விஷயம் பாருங்க, அதுல அந்த விஎன்ஐ இல்லாததால வர ரூட்ட அதுவே தூக்கிப் போட்டுடும், எல்லாத்தையும் வச்சுக்கோன்னு சொல்லணும். அப்புறம் ஈபிஜிபி (வேற வேற ஏஎஸ்ஸுக்கு நடுவுல ஓடற பிஜிபி) நெக்ஸ்ட் ஹாப்ப (அடுத்து அனுப்ப வேண்டிய இடத்தை) தன் பேர்ல மாத்திடும், மாத்தாதன்னு சொல்லணும், இல்லன்னா டன்னல் போய் தப்பான பெட்டில முட்டும்.

இதை விடக் கஷ்டமான வேலை 140 விஎன்ஐய குறைக்கறது. அதுக்கு கமாண்ட் கிடையாது, ஆள் ஆளா போய் உக்காந்து பேசணும். டேட்டாபேஸ் பாத்துக்கற டிபிஏ டீம்ல இருக்கற சீனியர் அண்ணன் ஒருத்தர்கிட்ட "அண்ணா, உங்களுக்கு லேயர் 2 எதுக்கு"ன்னு கேட்டேன். "எனக்கு எதுக்கு லேயர் 2, அந்தப் பக்கம் அதே ஐபில டேட்டாபேஸ் எந்திரிச்சா போதும், அதுவும் நான் சொன்னப்புறம்தான்"னார். அப்பதான் உறைச்சுது, முக்கால்வாசி பேருக்குத் தேவை "அதே ஐபி" தான், "ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் ஒரே சப்நெட்" இல்ல. அதுக்கு லேயர் 2 நீட்டவே வேண்டாம். சப்நெட் முழுசா ஒரு பக்கம் மட்டும் உயிரோட இருக்கும், மும்பைல அதே சப்நெட்டோட கேட்வே இன்டர்ஃபேஸ் ஷட்ல (அணைச்ச நிலைல) ரெடியா இருக்கும், டிஆர்னு முடிவு பண்ணா இங்க இறக்கி அங்க ஏத்தறது, டைப் 5 ரூட் (ஈவிபிஎன்ல முழு சப்நெட்டுக்கான ரூட்) மூலமா எல்லா இடத்துக்கும் தெரிஞ்சிடும். வெறும் ரூட்டிங், ப்ராட்காஸ்ட் எதுவும் கடக்காது. அஞ்சு மாசம் பேசிப் பேசி 140ங்கறது 9 ஆச்சு. அந்த 9 மட்டும்தான் நெஜமாவே லேயர் 2 வேணும்னு நின்னது, அதுலயும் பாதி மைக்ரேஷன் முடியற வரைக்கும்தான்.

லேட்டன்சி பத்தி அப்ளிகேஷன் ஆட்கள்கிட்ட முதல் நாளே பேசுங்க. ஃபைபர்ல ஒளி போற வேகம் செகண்டுக்கு சுமார் ரெண்டு லட்சம் கிலோமீட்டர், சென்னை மும்பை நேர்கோடே ஆயிரம் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல, ஃபைபர் நேர்கோட்டுல போகாது, ரோட்டு ஓரமும் ரயில் பாதை ஓரமும் சுத்தித்தான் போகும். எவ்வளவு காசு கொடுத்தாலும் போய் வர 10 மில்லிசெகண்டுக்குக் கீழ வரவே வராது, எங்களுக்குக் கிடைச்சது 24. ஒரு தடவை ஒரு வெப் சர்வர மட்டும் மும்பைக்கு லைவா நகர்த்தினாங்க, அருமையா நகர்ந்துச்சு, ஒரு பிங் கூட விழல. காலைல யூசர்ஸ் கத்த ஆரம்பிச்சுட்டாங்க. அந்த அப்ளிகேஷன் ஒரு ஸ்க்ரீன் திறக்க டேட்டாபேஸுக்கு 400 குவெரி ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா அனுப்பும், டேட்டாபேஸ் இன்னும் சிறுசேரிலதான், 400 தடவை 24 மில்லிசெகண்ட், 9.6 செகண்ட். ஐபி மாறல, சப்நெட் மாறல, நெட்வொர்க் சொன்னபடிதான் வேலை செஞ்சுது. அதனால இப்ப ரூல் என்னன்னா, ஒரு அப்ளிகேஷனோட வெப், ஆப், டிபி எல்லாம் சேர்ந்துதான் நகரணும், தனித்தனியா யாரும் நகர்த்தக் கூடாது.

அதே நாள் இன்னொரு சிக்கலும் வந்துச்சு. யூசர் டிராஃபிக் சிறுசேரி ஃபயர்வால் வழியா உள்ள வந்து, வான் லிங்க் தாண்டி மும்பை சர்வருக்குப் போகுது. பதில் வரும்போது சர்வர் தன் கேட்வேக்கு (சப்நெட்ட விட்டு வெளிய போற வாசல், பார்டர் கேட்வே இல்ல) அனுப்பும், எனிகாஸ்ட் கேட்வேங்கறதால, அதாவது ஒரே கேட்வே ஐபி எல்லா லீஃப்லயும் இருக்கறதால, அது மும்பை லீஃப்லயே இருக்கு, அங்க இருந்து மும்பை ஃபயர்வால் வழியா வெளிய போகப் பாக்குது. அந்த ஃபயர்வால் இந்தக் கனெக்ஷனோட ஆரம்பத்தையே பாக்கல, தூக்கிப் போட்டுடுச்சு. சில யூசருக்கு வந்துச்சு, சிலருக்கு வரலன்னு ஒரே குழப்பம். வழி என்னன்னா, நீட்டின சப்நெட்டுக்கு ஒரு சைட்தான் வீடுன்னு முடிவு பண்ணி, போறதும் வரதும் அந்த சைட் ஃபயர்வால் வழியாத்தான்னு ரூட்டிங்ல கட்டிப் போடறது. இல்லன்னா சர்வர் எங்க இருக்கோ அங்க இருந்தே அதோட ஹோஸ்ட் ரூட்ட, அதாவது ஒத்தை ஐபிக்கான ரூட்ட, வெளில அறிவிச்சு உள்ள வர டிராஃபிக்கையும் அங்கயே இழுக்கறது. நாங்க முதல் வழி. லேட்டன்சி கூடும், ஆனா நடு ராத்திரில பிரச்சனை வந்தா டிராஃபிக் எந்தப் பக்கம் போகும்னு யோசிக்காமலே சொல்ல முடியும், எனக்கு அதுதான் பெருசு.

சின்னதா ரெண்டு மூணு விஷயம் வேகமா சொல்லிடறேன். ஒரு ப்ரொவைடர்கிட்ட லிங்க்க ரெண்டு 10 ஜி சேர்ந்த பண்டிலா மாத்தினோம், ஒண்ணு ரொம்பி வழியுது, இன்னொண்ணு காலியாவே கிடக்குது. கேட்வே வந்தப்புறம் வெளி ஐபி எப்பவும் அதே ரெண்டு அட்ரஸ்தான், ப்ரொவைடர் ஐபிய மட்டும் வச்சு ஹேஷ் பண்ணா, அதாவது எந்த ஃபைபர்னு முடிவு பண்ணா, எல்லாம் ஒரே ஃபைபர்லதான் போகும். விடெப் ஒவ்வொரு உள் ஃப்ளோவுக்கும் வேற வேற யுடிபி சோர்ஸ் போர்ட் போடறது இதுக்காகத்தான், லேயர் 4 போர்ட்டையும், அதாவது அந்த யுடிபி போர்ட்டையும், சேர்த்து ஹேஷ் பண்ணச் சொன்னோம், சரியாச்சு. அடுத்தது என்க்ரிப்ஷன். விஎக்ஸ்லேன்ல அது கிடையாது, எல்லாம் வெட்டவெளியா போகும், ஆடிட்ல கேட்டாங்க, மேக்செக் போட்டோம், செஷன் வரவே இல்ல. மேக்செக் கீ பேசிக்கற ஃப்ரேம் ஒரு ரிசர்வ்ட் மல்ட்டிகாஸ்ட் மேக் அட்ரஸுக்குப் போகும், ப்ரொவைடரோட லேயர் 2 பெட்டி அதை தனக்கு வந்ததுன்னு நெனச்சு முழுங்கிடுச்சு. எங்க பெட்டில அந்த டெஸ்டினேஷன் அட்ரஸ ப்ராட்காஸ்டா மாத்தற வசதி இருந்துச்சு, மாத்தினதும் வந்துச்சு. அப்புறம் டைமர், ஃபேப்ரிக்குள்ள பிஎஃப்டி (அந்தப் பக்கம் உயிரோட இருக்கான்னு பாக்கறது) 50 மில்லிசெகண்ட் மூணு தடவைன்னு வச்சிருந்தத அப்படியே வான் லிங்க்லயும் போட்டுட்டோம், ப்ரொவைடர் பாதை மாறுற ஒவ்வொரு தடவையும் எல்லாம் விழுந்து எந்திரிச்சுது, 300 ஆக்கினதும் அடங்கிச்சு.

ஃபைபர் பத்தி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். ரெண்டு ப்ரொவைடர் எடுத்தா ரெண்டு பாதைன்னு நெனச்சுட்டு இருந்தோம். ஓஎம்ஆர்ல (பழைய மகாபலிபுரம் ரோடு) மாதவரம் – சிறுசேரி சிப்காட் மெட்ரோ வேலை நடக்குது, தோண்டாத இடமே இல்ல, ஒரு மத்தியானம் ஜேசிபி ஒரே இடத்துல வெட்டினதுல ரெண்டு சர்க்யூட்டும் ஒரே நிமிஷத்துல போச்சு. ரெண்டு பேரும் அந்த இடத்துல ஒரே டக்ட்ல (மண்ணுக்கடியில கேபிள் போற குழாய்ல) இருந்திருக்காங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு பேர்கிட்டயும் ரூட்டோட கேஎம்இசட் ஃபைல வாங்கி, மேப்ல ஒண்ணு மேல ஒண்ணு போட்டு நாங்களே ரோட்டு ரோட்டா பாத்தோம். கொடுக்க யோசிப்பாங்க, விடாம கேளுங்க, புது ஆர்டர் கையெழுத்துக்கு முன்னாடி கேட்டா கிடைக்கும். இப்ப ஒரு சர்க்யூட் ஓஎம்ஆர் தொடாம கேளம்பாக்கம் – வண்டலூர் ரோட்டு வழியா வெளிய போகுது.

ரெண்டு லிங்க்கும் போனா என்ன ஆகும்ங்கறதையும் அன்னைக்குத்தான் நெஜத்துல பாத்தோம். நீட்டின சப்நெட்டுக்கு ரெண்டு பக்கமும் எனிகாஸ்ட் கேட்வே உயிரோட இருக்கு, தப்பில்ல. ஆனா ரெண்டு சைட்டுக்கு நடுவுல ஃபயர்வால் ஜோடி ஒண்ணு வச்சிருந்தோம், ஹார்ட்பீட் (உயிரோட இருக்கேன்னு ஒண்ணுக்கொண்ணு சொல்லிக்கறது) வான் லிங்க் வழியா, அது அறுந்ததும் ரெண்டும் நான்தான் ஆக்டிவ்னு எந்திரிச்சுது. இப்ப ஜோடி எப்பவும் ஒரே பில்டிங்குக்குள்ள மட்டும்தான், சைட்டுக்கு ஒரு ஜோடி. பார்டர் கேட்வேல ட்ராக்கிங்கும் அப்பதான் ஒழுங்கா போட்டோம், வான் பக்கம் செத்தா கேட்வே அந்தப் பக்க ரூட்ட உள்ள அறிவிக்கக் கூடாது, ஃபேப்ரிக் பக்கம் செத்தா வெளில அறிவிக்கக் கூடாது. ரெண்டாவதை நிறைய பேர் விட்டுடறாங்க. டெஸ்ட் பண்ண ஒரே வழி, மெயின்டனன்ஸ் விண்டோல போய் ஒரு கேட்வேயோட ஸ்பைன் (லீஃப்கள சேர்க்கற நடு சுவிட்ச்) கேபிள் எல்லாத்தையும் கையால புடுங்கிப் பாக்கறது.

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப இதெல்லாம் ஒரு வழியா நிலைச்சிருந்துச்சு. 3ஆம் தேதி சாயங்காலமே மழை விடற மாதிரி தெரியல, வேளச்சேரி, பள்ளிக்கரணைல இருக்கற எங்க பசங்க வீட்டுக்குள்ள தண்ணி வர ஆரம்பிச்சுதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க, டீசல் வண்டி வருமாங்கறதும் சந்தேகம். முக்கியமான ரெண்டு அப்ளிகேஷன முன்கூட்டியே மும்பைக்கு மாத்திடலாம்னு ராத்திரி பத்து மணிக்கு முடிவாச்சு. டிபிஏ அண்ணன் ரெப்ளிகேஷன திருப்பி "எடுத்துக்கோ"ன்னார், இங்க சப்நெட் இறக்கி அங்க ஏத்தினேன், டைப் 5 ரூட் மாற ரெண்டு செகண்ட் கூட ஆகல, மும்பைல இருந்த சகா "ஆ கயா ஜி"ன்னு (வந்துருச்சுன்னு) சொன்னது இன்னும் காதுல இருக்கு. மறுநாள் காலைல ஒரு சர்க்யூட் போச்சு, லேட்டன்சி ஏறிச்சு, 1522 ப்ரோப் ஒரு பேக்கெட் கூட விடல. முழங்கால் தண்ணில நின்னுட்டு போன்ல அந்த கிராஃப் பாத்துட்டு இருந்த தம்பி, முதல் நாள் லாகின் ஆகலன்னு சொன்ன அதே தம்பிதான்.

சறுக்கினது ஒண்ணு, அதையும் சொல்லிடறேன். அதுல ஒரு அப்ளிகேஷனுக்கு பிராஞ்ச் ஆபீஸ்லாம் வேற ஒரு டிஎன்எஸ் பேர்ல, சிறுசேரில இருக்கற லோட் பேலன்சரோட ஐபிக்கு வந்துட்டு இருந்துச்சு, அந்த ரெக்கார்டோட டிடிஎல் (பழைய ஐபிய நினைவுல வச்சுக்கற நேரம்) 24 மணி நேரம், யாரும் கவனிக்கல. அவங்க மறுநாள் முழுக்க சிறுசேரிக்கு வந்து, வான் லிங்க் தாண்டி மும்பைக்குப் போய்த்தான் வேலை பாத்தாங்க, மெதுவா இருந்துச்சு, ஆனா ஓடிச்சு. இப்ப டிடிஎல் 5 நிமிஷம். அந்த 9 விஎன்ஐல 3 பாக்கி, அதுல ரெண்டு வர மார்ச்ல போகுது.